எல்லையம்மனைப் பார்க்க வந்த விசிட்டர்ஸ்

விசிட்டர்ஸ் என்கிற சொல்லை மரியாதையான சொல் என்றுதான் ஐம்பத்தோரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள் விசிட்டர்ஸ். வண்டலூரில் கூண்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் விசிட்டர்ஸ். லேடீஸ் ஹாஸ்டலில் விசிட்டர்ஸ் என்றால் அப்பா, அண்ணன். அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஜெயிலில் வார்டராக இருக்கிற என் மச்சான் அசரியா சொல்வான், விசிட்டர்ஸ் வருகிற நாளில்தான் கைதிகள் ஒழுங்காகத் தலை வாரிக்கொள்வார்களாம். இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே ரோட்டில் நிற்க வைக்கலாம் என்பது, ராயல் ஹெரான்ஸ் அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன் புண்ணியத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் ஜெபகுமார். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தாங்கல்மேட்டில், ராயல் ஹெரான்ஸின் மெயின் கேட்டுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஹெரான் என்றால் கொக்கில் ஒரு ஜாதி. அந்த இடத்தில் முன்பு தாங்கல் இருந்தது, தண்ணீர் இருந்தது, கொக்கு வந்தது. தண்ணீரைத் தூர்த்து, கொக்கைத் துரத்திவிட்டு, அதன் பெயரை மட்டும் பித்தளையில் எழுதி வாசலில் வைத்துவிட்டார்கள். எட்டு டவர், எண்ணூற்று நாற்பது ஃப்ளாட்.

டி டவருக்கும் டென்னிஸ் கோர்ட்டுக்கும் நடுவில் எல்லையம்மன் கோயில். கோயில் என்றால் ஒரு ஆள் குனிந்து உள்ளே போகிற அளவு. பக்கத்தில் ஒரு வேப்பமரம், முன்னால் ஒரு சூலம். நிலத்தை விற்றபோது, கோயிலும் கோயிலுக்குப் போகிற வழியும் ஊருக்குத்தான் என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தப் பத்திரத்தை நானே நாற்பது தடவை ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன். பதினோரு வருஷமாக ஒரு தகராறும் இல்லை. கேட்டில் மாரி நிற்பான். "இன்னாண்ணா, அம்மன பாக்கவா?" என்பான். செக்யூரிட்டி என்பது அவ்வளவுதான்.

இந்த ஆடி மாசம் தினகரன் கையில் காப்பு கட்டிக்கொண்டார். தினகரன் சிமெண்ட் கடைக்காரர். அதிர்ந்து பேச மாட்டார். போன டிசம்பரில் அவர் மகள் ஓவியாவுக்கு டெங்கு. பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கி, டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய நேரத்தில், மனுஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "எல்லையம்மா, என் பொண்ண எழுப்பிக் குடுத்துடு. ஆடில ஊரையே கூட்டியாந்து உனுக்குக் கூழ் ஊத்தறேன்" என்று வேண்டிக்கொண்டார். ஓவியா எழுந்துவிட்டாள். சிறுசேரியில் பழையபடி கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். வேண்டுதல் பாக்கி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்பு என்பது மஞ்சள் தடவிய கயிறு. கட்டிக்கொண்டால் கூழ் ஊற்றி முடிக்கிற வரை அவிழ்க்கக் கூடாது. அதுவரை ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கூழும் ஒரு ஆள் ஒரு பானையில் கொண்டுபோய் ஊற்றுவதல்ல. வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, சொம்பிலும் குண்டானிலும் தூக்கிக்கொண்டு வந்து, அம்மன் முன்னால் வைத்த ஒரே அண்டாவில் ஊற்ற வேண்டும். மொத்த ஊரும் வந்தால்தான் அது ஊர்க்கூழ். ஆடிக்குள் முடிக்க வேண்டும். ஆடியில் இந்த வருஷம் நாலு ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் தினகரன் கோயிலில் காப்பு கட்டிக்கொண்டு வெளியே வந்தார். சனிக்கிழமை அசோசியேஷன் கேட்மித்ரா என்ற ஆப்பை அமலுக்குக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் தலையில் பாத்திரத்தோடு கேட்டில் நின்றார்கள்.

"இன்னா மாரி, தொற" என்றார் தினகரன்.

"இருண்ணா. இப்போ இத்த தட்டணும்." மாரி கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு விரலால் குத்தினான். "யார பாக்க வந்துகிறீங்கன்னு கேக்குது."

"அம்மனத்தான்டா."

"அம்மன்னு போட்டா நோ ரிசல்ட்னு வர்து. ஃப்ளாட் நம்பர் இன்னாண்ணா?"

"அம்மனுக்கு ஏதுடா ஃப்ளாட் நம்பரு?"

"அத்தான் நானும் முழிக்கறேன். கெஸ்ட், கேப், டெலிவரி, வேலைக்காரங்க, ரிப்பேரு... எத்த தட்னாலும் நம்பர் கேக்குது. ஃப்ளாட்டுக்காரங்க ஓகே குடுத்தாத்தான் கேட்டு தொறக்கும். சாவியக்கூட வாங்கிகினு பூட்டாங்கண்ணா. ஒரே பேஜார்."

வெயில் ஏற ஏறக் கூழ் புளித்துப் பொங்கியது. பதினொரு மணிக்குப் பொம்பளைகள் திட்ட ஆரம்பித்தார்கள். ஒரு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி அந்தக் கூழைத் தாங்களே குடித்தார்கள். தினகரன் மட்டும் என் கடைக்கு வந்து, "ஜெபா, நீதான் இங்கிலீஸ்ல பேசுவ. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டு சொல்லுப்பா" என்றார்.

அசோசியேஷன் செக்ரட்டரி பெயர் ஹரிபிரசாத். கம்பெனியில் என்னவோ பெரிய மேனேஜர். தன் கெஸ்ட் என்று ஆப்பில் ஓகே கொடுத்து, கிளப் ஹவுஸில் எங்களை உட்கார வைத்தார். உட்கார்ந்த நாற்காலியின் முதுகிலும் விசிட்டர்ஸ் என்று எழுதியிருந்தது. எதிரே இருந்த குஷன் நாற்காலிகளில் ஒன்றும் எழுதவில்லை.

"ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், நாங்க யாரும் கோயிலுக்கு எதிரி கிடையாது சார்" என்றார் ஹரிபிரசாத். "எனக்கு பக்தி ரொம்ப ஜாஸ்தி. ஃப்ளாட் விக்கும்போதே ப்ரோஷர்ல பழமையான அம்மன் கோயில் கேம்பஸ் உள்ளயே இருக்குன்னு போட்டாங்க. அதுக்காக ஸ்கொயர் ஃபீட்டுக்கு எக்ஸ்ட்ரா குடுத்தவங்க நாங்க. எங்களுக்குக் கோயில் கண்டிப்பா வேணும். கோயிலுக்கு வர்றவங்கதான் ப்ராப்ளம்."

"நாங்க நாலு தலமொறையா வர்றோம் சார்" என்றார் தினகரன்.

"தட் மீன்ஸ், ரிபீட் விசிட்டர்ஸ். நோட் பண்ணிக்கறேன்." உண்மையிலேயே நோட் பண்ணிக்கொண்டார். "பாருங்க சார், ஆப்ல ரெண்டே வகைதான். ரெசிடென்ட்ஸ், விசிட்டர்ஸ். நீங்க ரெசிடென்ட் இல்ல. சோ நீங்க விசிட்டர்ஸ். விசிட்டர்ஸ்னா யாரையாவது பாக்க வரணும். நீங்க யாரப் பாக்க வர்றீங்க?"

"அம்மன."

"வெரி குட். அப்ப அவங்க அப்ரூவ் பண்ணணும். ஆனா அவங்க இன்னும் ரெசிடென்ட்டா ரிஜிஸ்டரே பண்ணலையே? பதினோரு வருஷமா ரிஜிஸ்டர் பண்ணாம உள்ள இருக்காங்க. இதெல்லாம் எவ்ளோ பெரிய லேப்ஸ் தெரியுமா?"

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கிண்டலுக்கு இடமே இல்லை. டிராயரைத் திறந்து நாலு பக்க விண்ணப்பம் ஒன்றை எடுத்து நீட்டினார். முதல் ஞாயிறு இப்படிப் போனது.

விண்ணப்பத்தை என் கடையில் வைத்துத்தான் பூர்த்தி செய்தோம். தினகரன் பொய் சொல்லத் தெரியாத ஆள். பெயர், எல்லையம்மன். தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் வெகு நேரம் யோசித்து, "கெடயாதுன்னு போடுப்பா. எதுக்கு வம்பு" என்றார். தொழில், காவல். குடிவந்த தேதியில் "ஊர் உண்டான நாள்" என்று எழுதினோம். கட்டடத்துக்கு முந்தைய தேதியை சிஸ்டம் வாங்காது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே டவர் கட்டி முடித்து சாவி கொடுத்த தேதியைப் போட்டோம். அசோசியேஷன் ரெக்கார்டுபடி எல்லையம்மன் அந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

ரத்த வகையைக் காலியாக விட்டதற்கு இன்னொரு தடவை திருப்பினார்கள். தினகரன் பேனாவை வாங்கித் தன்னுடைய ஓ பாசிட்டிவை அவரே எழுதினார். "அம்மனுக்கு ஒண்ணுன்னா நான்தான குடுக்கணும்" என்றார்.

போட்டோவுக்கு, இரண்டு காதும் தெரிய வேண்டும், தலையில் எதுவும் அணிந்திருக்கக் கூடாது என்று விதி. உள்ளே போய் எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. காந்திமதிதான் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அங்கே சி டவரில் பெருக்கித் துடைக்கிற வேலை. கோயிலில் தினமும் விளக்கேற்றுகிறவளும் அவள்தான். வேலைக்காரங்க என்ற பட்டனில் அவள் உள்ளே போய்விடுவாள். "அம்மா கிரீடத்தெல்லாம் கயட்டாது. வோணும்னா அவுங்க வந்து கயட்டட்டும், பாத்துக்கலாம்" என்று போனை என் மேஜையில் வைத்தாள். கழற்ற யாரும் வரவில்லை. போட்டோவை ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை அப்ரூவல் வந்தது. எக்ஸ்-001, எல்லையம்மன், தரைத்தளம். சொந்தப் பத்திரம் அம்மன் பெயரில் இல்லாததால் டெனன்ட். வரவேற்புப் பரிசாகக் கொக்குப் படம் போட்ட காபி கோப்பை ஒன்றும் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றும் சன்னதியில் வைத்தார்கள். அடுத்த நாள் கமிட்டி கூட்டத்துக்கு வரச் சொல்லி, அம்மனின் பிரதிநிதி என்று தினகரனுக்குக் கடிதம் வந்தது. அந்தக் கூட்டத்துக்கும் எங்களுக்கு கேட் திறந்தது. கூழுக்குத் திறக்காத கேட், கடிதத்துக்குத் திறந்தது.

கமிட்டியில் ஏழு பேர். ஹரிபிரசாத் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பர்சனலா எனக்கு இந்த டெனன்ட் மேல ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல. வெரி கொயட் பெர்சன். ஆனா ஃபாக்ட்ஸ் பாருங்க. தனியா இருக்காங்க. ஃபேமிலி இல்ல. ஃபார்ம்ல அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, கணவர் கெடயாதுன்னு. சோ, பேச்சலர்ஸ் ரூல்ஸ் அப்ளை ஆகும். நம்ம கேம்பஸ்ல டீசன்ட் ஃபேமிலீஸ் இருக்காங்க. வாசல்ல ஓப்பனா ஒரு ஷார்ப் வெப்பன் வச்சிருக்காங்க. அதையும் நான் பெரிசு பண்ணல. பேச்சலர்ஸுக்கு ஒரு நாளைக்கு ஆறு விசிட்டர்ஸ். அவ்ளோதான்."

"சார், அது அம்மன் சார்" என்றார் தினகரன்.

"புரியுது சார். ஆனா எக்ஸெப்ஷன் குடுத்தா நாளைக்கு எல்லா பேச்சலர்ஸும் இதையே சொல்லிட்டு வருவாங்க."

மற்ற ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். அதில் ஒருவர் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு பேர் என்றால் இருநூறு வீட்டுக் கூழும் ஒரு அண்டாவில் சேர முப்பத்து நாலு நாள் ஆகும். ஆடிக்கு மொத்தமே முப்பத்தொரு நாள். அதைச் சொன்னேன். "குட் ஃபீட்பேக்" என்றார் ஹரிபிரசாத். இரண்டாவது ஞாயிறும் போனது.

மூன்றாவது ஞாயிறு, ஆறு பேராவது அம்மனின் விசிட்டர்ஸாக உள்ளே போய்க் கமிட்டியிடம் பேசிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஒரு புது சிம் வாங்கி, ஒரு போனில் போட்டு, அந்த நம்பரை எக்ஸ்-001க்குப் பதிவு செய்து, காந்திமதியிடம் கொடுத்து அம்மன் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தோம். மாரி எக்ஸ்-001 என்று தட்டினான். உள்ளே சன்னதியில் போன் மணி அடித்தது. கேட்டு வரை கேட்டது. வேலைக்காரங்க ரெசிடென்ட்ஸ் போனைத் தொடக் கூடாது என்று அதற்குள் ஒரு சர்க்குலர் வந்திருந்ததால், காந்திமதி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். தொண்ணூறு விநாடி. மணி நின்றது.

"அம்மா எடுக்கமாட்டேன்றாங்கண்ணா" என்றான் மாரி.

"இன்னொருவாட்டி அடி."

"மூணுவாட்டி எடுக்கலன்னா இன்னிக்கு பூரா பிளாக் ஆயிடுமாம்."

மூன்று தடவையும் அம்மன் எடுக்கவில்லை.

அன்றைக்குத் தினகரனைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாடி வளர்ந்து கன்னம் ஒட்டிவிட்டது. தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று நின்று பாதம் வெடித்து ரத்தம் தெரிந்தது. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஓவியா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, போதும்ப்பா. அவுத்துடு. நீ இப்பிடி படுத்துட்டா நான் பொழச்சு என்னப்பா பிரயோஜனம்?"

"சும்மா இரும்மா."

"சாமிக்குத் தெரியாதா, உன்ன உள்ளயே விடலைன்னு?"

"அதுக்குத் தெரியும். எனுக்குத்தான் தெரியாது." கையை இழுத்துக்கொண்டார். "நான் குடுத்த வாக்கு இது. நாளைக்கு உனுக்கு மறுபடியும் ஒரு ஜுரம்னா, நான் எந்த மூஞ்ச வச்சிகினு அதுகிட்ட போய் நிப்பேன்? சொல்லு. பயமாகீதும்மா எனுக்கு."

நான் சர்ச்சுக்குப் போகிறவன். கூழ், காப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பயந்துபோன ஒரு தகப்பனை மூன்று வாரம் வெயிலில் நிறுத்திவிட்டு, ஏசி போட்ட கிளப் ஹவுஸில் உட்கார்ந்து ஃபீட்பேக் என்கிறான் பாருங்கள், அவனை என்ன செய்வது? என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. கமிட்டிக்கு ஐந்தாவது மனுவை அன்றைக்கே அடித்தேன். பத்திர நகலையும் சேர்த்து வைத்தேன். பத்திரத்தில் வழி ஊருக்குச் சொந்தம் என்றுதான் இருக்கிறது, அந்த வழியில் வருகிறவர்கள் விசிட்டர்ஸ் அல்ல என்று எங்கேயும் இல்லை என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, காந்திமதி சி டவர் பதினாலாவது மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். செக்ரட்டரி ஹரிபிரசாத் கதவைத் திறந்து வெளியே வந்தார். முகத்திலும் கழுத்திலும் முத்து முத்தாகக் கொப்புளம். காந்திமதி துடைப்பானைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சார், அம்மா வந்துகிறாங்க சார். உள்ள போய்ப் படுங்க."

டாக்டர் வந்து பார்த்து, சின்னம்மை, வைரஸ், யாரோடும் சேரக் கூடாது, இரண்டு வாரம் தனியாக இருக்கணும் என்றார். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ராயல் ஹெரான்ஸ் வாட்ஸப் குரூப்பில் அன்று ராத்திரிக்குள் செய்தி வேறு மாதிரி ஆகிவிட்டது. எக்ஸ்-001 புறப்பட்டு சி-1402க்குப் போய்விட்டாள் என்று. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த கமிட்டி மெம்பர்தான் முதலில் எழுதினார்.

எழுதினதும் கமிட்டிக்கு ஒரு பிரச்சனை வந்தது. ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறவர் இன்னொரு டவருக்குப் போனாலும் அது விசிட்டர்ஸ் கணக்கில் சேர்த்தி. ஆப்பில் பதிவாக வேண்டும். பதிவாகவில்லை. சி டவர் லாபி, லிஃப்ட், பதினாலாவது மாடி வராந்தா, மூன்று கேமராவிலும் நாலு நாள் ரெக்கார்டிங்கை உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு பூனையும் நாற்பத்தெட்டு பீட்சாவும் தவிர யாரும் போகவில்லை. பதிவில்லாத ஒரு விசிட்டர் செக்ரட்டரி வீட்டுக்கு எப்படிப் போனார் என்று விளக்கம் கேட்டு மாரிக்கு மெமோ கொடுத்தார்கள்.

மாரி மெமோவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். "ஜெபாண்ணா, வேல பூட்டா வூட்ல அடுப்பு எரியாது. எதுனா எழுதிக் குடு."

"நீயே சொல்லுடா, எழுதறேன்."

அவன் சொன்னதைச் சொன்னபடி அடித்துக் கொடுத்தேன். "ஐயா, அவங்க நம்ம கேட்டு வழியா வர்ல. மொதல்லேந்து உள்ளாறதான் கீறாங்க. நீங்களே கார்டு போட்டுக் குடுத்துகிறீங்க. உள்ள கீறவங்கள நான் எப்படி ஐயா நிறுத்தறது?" அந்தப் பதிலுக்கு இன்றுவரை மறு பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஹரிபிரசாத்தின் மனைவி தமிழினி கோயிலுக்கு வந்தார். படித்த பெண், காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவர். ஊரிலிருந்து மாமியார் போனில் விடாமல் சொன்னதால் வேப்பிலை பறிக்க வந்திருந்தார். கேம்பஸ் முழுக்க வெளிநாட்டுப் பனை வைத்திருக்கிறார்கள். வேம்பு என்றால் அந்த ஒரு மரம்தான். அவர் மரத்தடியில் கால் வைத்ததும், காந்திமதி குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஆறு பேர் ஆயிப்போச்சும்மா" என்றாள். கேலியாக இல்லை, அவளுக்கும் சர்க்குலர் பயம். "உங்க டவர்லேந்து காலைல அஞ்சு மணிக்கே வந்து பறிச்சிகினு பூட்டாங்க."

தமிழினிக்குக் கண் கலங்கிவிட்டதாம். காந்திமதிக்கு மனசு கேட்கவில்லை. தானே மரத்தில் எக்கி ஒரு கொத்து ஒடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"வாசப்படில கட்டும்மா. தலமாட்டுல போடு. ஒடம்பு எரியும், எலயால தடவி வுடு. எறங்கினதும் மூணு தண்ணி ஊத்தணும்."

"அத்தை கோயில்ல கூழ் ஊத்தணும்னு சொல்றாங்க. அதெல்லாம் யார் பண்ணுவாங்க?"

"அதெல்லாம் பண்றவங்க தோ, கேட்டுக்கு வெளிய மூணு வாரமா நின்னுகினுகிறாங்க" என்றாள் காந்திமதி. "அந்த சிமெண்ட் கடைக்காரரு கையில காப்போட சோறு தண்ணி இல்லாம திரியறாரு. அவரு பொண்ணுக்காக வேண்டிகினது. உங்க வூட்டுக்காரருதான் வுடல."

தமிழினி மாடிக்குப் போனார். கொத்தை வாசலில் கட்டினார். புருஷன் தூக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார். செக்ரட்டரியின் போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, மூன்று ஞாயிறாகத் தேங்கிக் கிடந்த பெயர்களைப் பார்த்தார். தேங்காய் உடைக்கிறவர், பம்பை அடிக்கிறவர், இருநூறு வீட்டுக்காரர்கள் எல்லாரையும் மாரி பாவம் ஒவ்வொரு தடவையும் தட்டி வைத்திருந்தான். கீழே மொத்தமாகச் சம்மதம் என்று, செக்ரட்டரிக்கு மட்டும் ஒரு பட்டன் இருந்தது. அது வரைக்கும் யாரும் அதைத் தொட்டதில்லை. அவர் தொட்டார்.

ஆடி நாலாவது ஞாயிறு. பம்பை முன்னால் போக, ஊர் பின்னால் போனது. சொம்பு, குண்டான், எவர்சில்வர் தூக்கு, ஒரு வீட்டில் பிரஷர் குக்கர்கூட. ஒவ்வொன்றாக அண்டாவில் சரிந்தது. டவர்களில் பால்கனிக்குப் பால்கனி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்; கொஞ்ச நேரத்தில் டம்ளரோடு கீழே இறங்கி வரிசையில் நின்றார்கள். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொண்டார்கள். கமிட்டி மெம்பர் இரண்டு தடவை வாங்கினார்.

தினகரன் கடைசியாகத் தன் வீட்டுக் கூழை ஊற்றினார். ஓவியா அவர் பக்கத்தில் நின்று அண்டாவைப் பிடித்துக்கொண்டாள். கற்பூரம் காட்டியதும் பூசாரி காப்பை அவிழ்த்தார். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு கோடு. தினகரன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இருநூறு பேர் நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். ஓவியாவும் அழுதாள். நானும்தான் அழுதேன், என்ன இப்போ?

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தினகரன் ஒரு சொம்பில் கூழை மொண்டார். மோர் விட்டுக் கரைத்தார்.

"வா ஜெபா, மேல போய்ட்டு வரலாம்."

"எங்கே?"

"செக்ரட்டரி சாருக்கு. அம்ம போட்ட ஒடம்பு, எரிஞ்சிகினு கெடக்கும். கூழு குளிர்ச்சி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தச் சொம்பைப் பிடுங்கி நானே குடித்திருப்பேன். ஆனால் அவர் பாட்டுக்கு லிஃப்டை நோக்கி நடந்தார். வாசலில் அம்பு மாதிரி ஒரு குறி போட்டு, விசிட்டர்ஸ் லிஃப்ட் என்று எழுதியிருந்தது. அதில் ஏறினோம்.

சி-1402. கதவு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. தினகரன் மணியை அடிக்கவில்லை. "சார்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். கதவு திறந்தது. தமிழினி கீழே இருந்தார். ஹரிபிரசாத்தே எழுந்து வந்திருந்தார். லுங்கி, பனியன், முகம் முழுக்கப் பொருக்கு. ஆறு நாளாக யாரும் கிட்ட வராத முகம் அது. எங்களைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சார்! தினகரன் சார்! வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க. யாருமே வர்றதில்ல சார். கமிட்டி ஆளுங்க போன்கூட எடுக்கறதில்ல. ப்ளீஸ், ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க."

தினகரன் நகரவில்லை. நிமிர்ந்து வேப்பிலையைப் பார்த்தார்.

"வேப்பில கட்டிகீது சார்" என்றார். "கட்டின வூட்டுக்குள்ள வெளியாளு கால வைக்கக் கூடாது."

"அதெல்லாம் பரவால்ல சார். நான் சொல்றேன்ல, என் வீடு சார் இது, வாங்க."

"இப்போ அது உள்ள கீது சார். நீங்க கூப்ட்டா பத்தாது."

அவர் பழி வாங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷனுக்கு அது தெரியாது. மனசார, பயபக்தியோடுதான் சொன்னார். சொம்பை நிலைப்படிக்கு வெளியே தரையில் வைத்து, ஒரு தட்டால் மூடினார். ஹரிபிரசாத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மை கண்ட வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஆகவே தினகரன் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.